அம்மாவின் ஒற்றைத் தலைவலியும் புஷ்பம் சித்தியின் காலண்டரும்

தேயிலைக் காட்டில் அம்மாவுக்கு வாய் குழறி வலது கை மரத்துப்போன அந்தக் காலையில் உடனிருந்தவர்கள்: புஷ்பம் சித்தி, சூப்பர்வைசர், கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பத்துப் பன்னிரண்டு பெண்கள். அப்பா ஃபாக்டரியிலிருந்து கால் மணி நேரத்தில் ஓடி வந்துவிட்டார். இல்லாதவன் நான் ஒருவன்தான். தூரத்தில், அகளி என்ற ஊரில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கிளார்க்காக இருக்கிறேன். ஃபோனை டிராயருக்குள் வைத்துவிட்டு வேலை பார்ப்பது என் பழக்கம். எடுத்துப் பார்த்தபோது எட்டு மிஸ்டு கால். எட்டும் சித்தியுடையவை.

புஷ்பம் சித்தி எங்களுக்கு ரத்த உறவு இல்லை. சித்திரபுரத்துப் பக்கம் எங்கள் எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். இருபத்திரண்டு வருஷமாக அம்மாவும் அவரும் அடுத்தடுத்த வரிசையில் நின்று கொழுந்து எடுக்கிறார்கள். அம்மாவுக்கு ஏதாவது வேண்டுமென்றால் சுவரில் இரண்டு தட்டு. சித்தி வந்துவிடுவார். மூன்றாவது தட்டுக்கு வேலையே இருந்ததில்லை.

அந்தச் சுவர் மேல் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பொறாமை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஆஸ்பத்திரியில் நடந்தது பாதி அதனால்தான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்து காலேஜ் போனவன் நான் ஒருவன். ரேஷன் கார்டு, பி.எஃப். பேப்பர், பாங்க் படிவம் எல்லாம் என் கையில்தான் வரும். ஆனால் அம்மாவுக்குத் தலை வலித்தால் தட்டுவது சுவரைத்தான். எனக்கு ஞாயிற்றுக்கிழமை ஃபோன் வரும். சாப்பிட்டாயா, மழை உண்டா, வைக்கட்டுமா. அவ்வளவுதான்.

அகளியிலிருந்து மண்ணார்க்காடு இறங்கி, மூன்று பஸ் மாறி, எங்கள் எஸ்டேட் மலைக்குக் கீழே இருக்கும் அந்த ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம். அம்மாவுக்குப் பேச்சு திரும்பியிருந்தது. ஜீப்பில் வரும்போதே ஒரு மணி நேரத்துக்குள் கையும் சரியாகிவிட்டதாம். கட்டிலில் சாய்ந்திருந்தார். சித்தி பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையின் ஒவ்வொரு விரலையும் நீவிவிட்டுக்கொண்டிருந்தார். அம்மா என்னைப் பார்த்து, "வந்துட்டியாய்யா, லீவு கெடச்சுதா" என்றார். பிறகு முகம் திரும்பவும் சித்தி பக்கம் போய்விட்டது. நர்ஸ் சித்தியைப் பார்த்து நோயாளியின் தங்கையா என்று கேட்டார். என்னைப் பார்த்து, நீங்கள் யார் என்று கேட்டார்.

காலையில் பக்கவாதம் என்று பயந்து மூளைக்கு எம்.ஆர்.ஐ. எடுத்திருந்தார்கள். எம்.ஆர்.ஐ. என்றால் காந்தத்தால் எடுக்கும் படம். ஊசி குத்துவதில்லை, வலிக்காது. குழாய்க்குள் படுக்க வேண்டும், உள்ளே தகரக் கூரையில் கல் விழுவது மாதிரி சத்தம் கேட்கும். அப்பா வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாராம். கழற்றச் சொல்லி யாரும் சொல்லவில்லை. படத்தில் ரத்தக்கட்டும் இல்லை, கசிவும் இல்லை. காலையில் பெரிய டாக்டர் வந்து சொல்வார் என்றார்கள்.

சித்திக்கு அன்று ராத்திரி இருக்கத்தான் ஆசை. லேடி டாக்டர் வரட்டும், நான் ஒரு வார்த்தை பேசிட்டுப் போறேனே என்றார். நான் விடவில்லை.

"நீங்க போங்க சித்தி. ஃபைல் பூரா இங்கிலீஷு, மலையாளம். நீங்க இருந்து என்ன செய்யப் போறீங்க? நான்தான் இருக்கேன்ல."

சித்தி அம்மாவைப் பார்த்தார். அம்மா சுவரைப் பார்த்தார். அப்பாவும் சித்தியும் கடைசி பஸ்ஸில் மலையேறினார்கள். போகும்போது அப்பா என்னிடம் ஏதோ சொல்ல வந்து, சூடு ஆறாத வெந்நீர் ஃபிளாஸ்க்கைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூல் காலியானது. நான் உட்கார்ந்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று எழுதக் கூசுகிறது. ஆனால் இருந்தது.

மறுநாள் காலை வந்தவர் பெண் டாக்டர்தான். மூளை நரம்பு வைத்தியர். மலையாளி. தமிழ் கொஞ்சம் புரியும், பேச வராது. அம்மாவுக்குச் சந்தை மலையாளம் தெரியும். டாக்டர் பேசும் மலையாளம் பாதிதான் புரியும். ஆகவே நான் நடுவில் நின்றேன். தலைவலி எத்தனை வருஷம்? வயதுக்கு வந்ததிலிருந்தே மாதத்துக்கு ஒன்று. இரண்டு வருஷமாக அதிகம். ஒரு பக்கமா? ஆமாம். வாந்தி? உண்டு. வலிக்கு முன்னால் கண்ணில் ஏதாவது தெரியுமா?

"வெல்டிங் வைக்கிற மாதிரி ஒரு கோடு. ரம்பப் பல்லு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போகும். இருவது நிமிசம் இருக்கும். அப்புறம்தான் இடி."

இதை நான் அன்றுதான் முதல் தடவை கேட்கிறேன். ஒரு வருஷமாக இருக்கிறதாம். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று டாக்டர் முன்னாலேயே கேட்டேன். புஷ்பத்துட்ட சொன்னேனே என்றார் அம்மா.

டாக்டர் விளக்கினார். ஒற்றைத் தலைவலி, அதாவது மைக்ரேன், வெறும் தலைவலி இல்லை. சிலருக்கு அதற்கு முன்னால் கண்ணில் ஒளி, கை மரத்தல், வார்த்தை தடுமாறல் எல்லாம் முன்னறிவிப்பாக வரும். அதை ஆரா என்கிறார்கள். காட்டில் நடந்தது பக்கவாதமாக இல்லாமல் இந்த ஆராவாகவே இருக்கலாம். ஆனால் உறுதியாகச் சொல்லும் முன் இன்னும் சில கேள்விகள். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா? கர்ப்பத்தடை மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா?

இங்கேதான் என் தப்பு. அம்மாவுக்கு நாற்பத்தாறு வயது. எனக்கு இருபத்தாறு, பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த வார்த்தையை அம்மா முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியவில்லை. "வேற ஏதாச்சும் மாத்திர சாப்பிடுறியாம்மா?" என்று கேட்டேன்.

"இல்லய்யா" என்றார் அம்மா, படுக்கை விரிப்பைப் பார்த்துக்கொண்டு.

இல்லை என்று டாக்டரிடம் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.

அதற்கு முன்னால் ஒரு சம்பவம் உண்டு. இரண்டு கிறிஸ்துமஸுக்கு முன் அம்மாவின் தகர டப்பாவில் வலி மாத்திரை அட்டைகளைப் பார்த்துவிட்டு, கிட்னி போய்விடும் என்று ஒரு மணி நேரம் பாடம் எடுத்தேன்; அட்டைகளை அடுப்பில் போட்டேன். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் மாத்திரை எதுவும் என் கண்ணில் பட்டதே இல்லை. அம்மா கேட்டுக்கொண்டார் என்று நினைத்தேன்.

என் பையில் ஒரு ரெஜிஸ்டர் இருந்தது. ஒரு வருஷமாக ஞாயிறு ஃபோனில், அம்மா வைப்பதற்குள் கேட்டுக் கேட்டு எழுதியது. தேதி, நேரம், வெயிலா மழையா, என்ன சாப்பிட்டார், எத்தனை மணி நேரம் தூங்கினார். சிவப்பு மையில் கோடு போட்டு, மொத்தம் போட்டு வைத்திருந்தேன். டாக்டரிடம் நீட்டினேன். புரட்டிப் பார்த்து, நன்றாகச் செய்திருக்கிறீர்கள் என்றார். மடித்துக் கொடுத்துவிட்டார். அதில் அவருக்கு எதுவும் கிடைக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

அன்று முழுக்க ரத்தப் பரிசோதனை, இதயத்துக்கு எக்கோ. எக்கோ அறை வாசலில் இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். அம்மா என்னோடு ஒன்றும் பேசவில்லை; எதிரில் இருந்த ஆனைமலைப் பக்கத்துக் கிழவி ஒருத்தியோடு இட்லி மாவு புளிப்பதைப் பற்றிப் பேசினார். சாயங்காலம் சித்தி ஃபோன் செய்தார். காலையில் வரட்டுமா என்றார். வேண்டாம் சித்தி, ஒரு நாள் சம்பளம் போகும், நான் சமாளிச்சுக்குவேன் என்றேன். அக்கறை மாதிரி இருக்கும். அக்கறை இல்லை.

மூன்றாம் நாள் காலை கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது அம்மா கரண்டியைக் கீழே போட்டார். கண்ணை மூடி மூடித் திறந்தார். என்னம்மா என்றேன். வாய் திறந்தது, ஆனால் வந்தது வார்த்தை இல்லை, ஏதோ பாதி பாதிச் சத்தம். நான் நர்ஸைக் கூப்பிட்டுக்கொண்டே கையைப் பிடித்தேன். அம்மா இடது கையை என் பிடியிலிருந்து உருவினார். தலைமாட்டுச் சுவரில் தட்டினார். இரண்டு தட்டு. நின்று பார்த்தார். மறுபடி இரண்டு தட்டு.

அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் மாடிப்படி. யாரும் இல்லை.

இன்னொரு தடவை ஸ்கேன் எடுக்கத் தள்ளிக்கொண்டு போனார்கள். நான் வராந்தாவில் நின்று சித்திக்கு ஃபோன் செய்தேன். வாங்க சித்தி என்பதற்கு மேல் எனக்கும் பேச்சு வரவில்லை.

மத்தியானம் சித்தி வந்தார். காட்டிலிருந்து அப்படியே வந்திருந்தார். புடவையில் கொழுந்துக் கறை. ஒரு கையில் சோற்று வாளி. மற்றக் கக்கத்தில் சுருட்டி ரப்பர் பாண்ட் போட்ட இரண்டு காலண்டர், கோயிலில் கொடுப்பவை. அப்பாவும் கூட வந்தார். ஸ்கேனில் இந்தத் தடவையும் ஒன்றும் இல்லை. அம்மாவுக்குப் பேச்சு வந்து, இப்போது வலியின் முறை. கண்ணில் ஈரத்துணி போட்டுக் கிடந்தார். சித்தி நேரே அம்மா காதில் குனிந்தார். "எஸ்தரு, இனிமே என்னால மூடி வைக்க முடியாது. சொல்லிப்புடுறேன்." அம்மா துணிக்கு அடியில் தலையை ஆட்டினார்.

டாக்டர் வந்ததும் சித்தி எழுந்து நின்றார். அவர் மலையாளம் எஸ்டேட் மலையாளம், பாதி தமிழ். அதுவரைக்கும் அதைக் கேட்டு நான் சிரித்திருக்கிறேன்.

"டாக்டரே, இவளுக்குக் குளிக கொடுத்தது ஞானாணு. பிள்ள உண்டாகாத குளிக. மகன் புறத்து நிக்கட்டே, அப்பத்தான் பறையும்."

கர்ப்பத்தடை மாத்திரை கொடுத்தது அவர்தானாம். மகன் வெளியே நிற்கட்டுமாம், அப்போதுதான் சொல்வாராம். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன், அவரும் வெளியே வருவார் என்று. அப்பா அசையவில்லை. "எனக்குத் தெரியும்டே. நீ போய் ஒரு டீயக் குடி" என்றார்.

கதவுக்கு வெளியே அந்தப் பத்து நிமிடம்தான் என் ஆஸ்பத்திரி நாட்களிலேயே நீளமானது. உள்ளே நான்கு பேர். நான் அந்தக் குடும்பத்தின் படித்த பிள்ளை. என் கையில் ஃபைல். கதவுக்கு அந்தப் பக்கம் என் அம்மாவைப் பற்றி எல்லோருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. சித்தி மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. கூடவே, சுவரில் தட்டிய அந்தக் கை.

பிறகு டாக்டரே என்னை உள்ளே கூப்பிட்டார். அம்மா சம்மதித்திருந்தார். இரண்டு வருஷத்துக்கு முன் அம்மாவுக்கு மூன்று மாதம் தள்ளிப்போயிருக்கிறது. கர்ப்பம் என்று நினைத்து, வெளியே சொல்ல முடியாமல், உயிரே போய்விட்டதாம். அது கர்ப்பம் இல்லை. மாதவிடாய் முழுதாக நிற்பதற்கு முன்னால் சில வருஷம் இப்படித் தள்ளிப் போகும், சேர்ந்து வரும், பெருகி வரும். ஒற்றைப் பிள்ளை என்பதால் அம்மா அந்தக் காலத்திலேயே கருத்தடை ஆபரேஷன் செய்துகொள்ளவில்லை. இந்த வயதிலும் கரு உண்டாக வழி இருக்கிறது. அதனால் சித்தி, சுகாதார ஊழியரிடம் தன் பெயரைச் சொல்லி இலவச மாத்திரை வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

அந்த அட்டையில் இருபத்தொரு வெள்ளை மாத்திரை, ஏழு காவி மாத்திரை. வெள்ளையில்தான் ஹார்மோன். காவி வெறும் இரும்புச் சத்து. அந்த ஏழு நாளில் ஹார்மோன் இல்லாததால் மாதவிடாய் வரும். அம்மாவுக்கு அந்த ஏழு நாளில்தான் தலைவலி வந்தது. சித்தி காலண்டரில் குறித்து வைத்திருந்தார். வெள்ளை தொடங்கும் நாளில் சொட்டு நீலத்தால் ஒரு பொட்டு, காவி தொடங்கும் நாளில் மஞ்சள் பொட்டு, வலி வந்த நாளில் கரித்துண்டால் ஒரு பெருக்கல் குறி. சித்தி மூன்றாவது வரைக்கும் படித்தவர். நாலு மாதத்தில் கண்டுபிடித்துவிட்டார்: மஞ்சளுக்குப் பக்கத்தில்தான் கரி விழுகிறது. காவி மாத்திரைதான் தலைவலி தருகிறது என்று இரண்டு பேரும் தீர்மானித்தார்கள். காவியைத் தூக்கிப்போட்டுவிட்டு வெள்ளை முடிந்ததும் அடுத்த அட்டை வெள்ளை. கொழுந்து சீசனில் இன்னொரு வசதியும் இருந்தது. காட்டில் கக்கூஸ் கிடையாது, மாதவிடாயும் வராமல் இருந்தால் கூடுதல் கிலோ எடுக்கலாம்.

"தூக்கியொண்ணும் போடல டாக்டரே. இரும்புதானே, ரோசாச் செடிக்குப் போட்டோம்" என்றார் சித்தி.

சித்தி வீட்டு வாசல் ரோஜாவை ஒரு வருஷமாக நான் ஃபோனில் படம் எடுத்து ஸ்டேட்டஸ் வைத்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் சிரிக்கவில்லை. காலண்டரைக் கட்டிலில் விரித்து, விரலை வைத்து மாதம் மாதமாகப் பார்த்தார். பாதி சரியாகக் கண்டுபிடித்திருக்கிறீர்கள் என்றார். தப்பு காவி மாத்திரையில் இல்லை. வெள்ளை நிற்கும்போது ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் சட்டென்று இறங்குகிறது, அந்த இறக்கம்தான் தலைவலியைக் கூப்பிடுகிறது. பக்கத்து ஊரான பள்ளிவாசலின் பவர்ஹவுஸைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இது புரியக் கஷ்டமில்லை; வோல்டேஜ் ஏறி இறங்கினால் பல்பு படபடக்கும். இந்த வயதில் உடம்பே அந்த வோல்டேஜை ஏற்றி இறக்குகிறது. அதனால்தான் பலருக்கு மைக்ரேன் இப்போது கூடுகிறது. இடைவெளி விடாமல் சாப்பிட்டபின் கொஞ்ச நாள் வலி குறைந்ததும் அதனால்தான்.

பாதி தப்பு எங்கே என்றும் காட்டினார். போன வருஷக் காலண்டரில் பாதியிலிருந்து பெருக்கல் குறியைச் சுற்றி ஒரு வட்டம். வட்டம் எதற்கு என்று கேட்டார். கண்ணில் வெல்டிங் வந்த நாள் என்றார் சித்தி. ஆரா வரும் ஒருவர் ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரை சாப்பிடக் கூடாது. மூளைக்குப் போகும் ரத்தம் அடைபட்டுப் பக்கவாதம் வரும் வாய்ப்பு கூடுகிறது. முப்பத்தைந்து வயதைத் தாண்டி மைக்ரேன் இருந்தாலே யோசிக்க வேண்டும். மாத்திரையால்தான் இந்த ஆரா வந்தது என்று சத்தியம் செய்ய முடியாது. மாத்திரை சாப்பிடும் எல்லோருக்கும் இப்படி ஆவதும் இல்லை, சிலருக்குத் தலைவலி குறையவும் செய்யும். ஆனால் இவை இரண்டும் ஒரே உடம்பில் சேரக் கூடாது. கடைசி மாத்திரை எப்போது சாப்பிட்டீர்கள் என்று அம்மாவைக் கேட்டார்.

அம்மா ஜாக்கெட்டுக்குள்ளிருந்து சின்னப் பர்ஸை எடுத்தார். அட்டை அதில் இருந்தது. நேற்று ராத்திரி ஒன்று. முந்தின ராத்திரி ஒன்று. நான் பக்கத்தில் பெஞ்சில் படுத்திருந்த இரண்டு ராத்திரி.

அப்பா அட்டையை வாங்கிக் குப்பைக் கூடையில் போடப்போனார். நர்ஸ் தடுத்து, மாத்திரையின் பெயரைக் குறித்துக்கொண்டு கொடுத்தார். டாக்டர் தன் ஃபோனில் சித்தியின் காலண்டரைப் படம் எடுத்தார், மாணவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று அனுமதி கேட்டு. என் ரெஜிஸ்டர் கட்டிலுக்கு அடியில் பையில் இருந்தது. எனக்கு வந்த பொறாமையை மறைக்காமல் சொல்கிறேன்: அந்தக் காலண்டரில் மூன்று நிறம்தான், என்னுடையதில் பதினோரு பத்தி.

அடுத்த இரண்டு நாளில் பெண்கள் பிரிவு டாக்டரும் பார்த்தார். ஈஸ்ட்ரோஜன் இல்லாத வழிகள் இருக்கின்றன என்றார். இன்னொரு ஹார்மோன் மட்டும் உள்ள மாத்திரை, ஊசி, கருப்பைக்குள் வைக்கும் சின்ன சாதனம். அம்மாவுக்கு உதிரப்போக்கும் இருப்பதால் சாதனம் நல்லது, வருஷக்கணக்கில் இருக்கும். இந்தத் தடவை நான் எந்த வார்த்தையையும் விடாமல் மொழிபெயர்த்தேன். ஒவ்வொரு வார்த்தைக்கும் ஃபைலைப் பார்த்துக்கொண்டேன். சித்தி பக்கத்திலிருந்து, "கூச்சப்படாம சொல்லு சாமு, நீ வந்ததும் அந்த வழியாத்தான்" என்றார். அம்மா சிரித்துவிட்டார். ஆஸ்பத்திரிக்கு வந்தபின் அதுதான் முதல் சிரிப்பு. அதுவும் சித்தி வாங்கியது.

வெளியே வந்து ஐந்து மாதமாகிறது. தலைவலி நின்றுவிடவில்லை, மாதம் ஒன்று இரண்டு வருகிறது, அதற்குத் தனி மாத்திரை உண்டு. முதல் இரண்டு மாதம் வெல்டிங் கோடு வந்தது, பிறகு வரவில்லை. இதை எழுதச் சொன்னது அம்மாதான். லயத்தில் இன்னும் மூன்று பெண்கள் அதே மாதிரி காவியை விட்டுவிட்டு வெள்ளையை மட்டும் சாப்பிடுகிறார்களாம். கண்ணில் ஒளி தெரிந்தால் அவர்கள் டாக்டரிடம் போய்த் தாங்களே சொல்ல வேண்டும். சொல்லும் நேரத்தில் மகன் பக்கத்தில் நிற்க வேண்டாம். எழுதியதை வாசித்துக் காட்டினேன். புஷ்பத்தப் பத்தி இன்னும் நல்லா எழுது என்றார் அம்மா. வாசித்து முடித்ததும் சுவரில் இரண்டு தட்டு தட்டி, சித்தியையும் கூப்பிட்டு இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.

சித்திக்கு மூன்று நாள் சம்பளம் போயிற்று. அப்பா அந்தப் பணத்தைக் கொடுக்கப் போனபோது, ரோசாவுக்கு உரம் வாங்கிக் கொடுங்க என்று சித்தி சொல்லிவிட்டார். ஜீப், ஸ்கேன், பரிசோதனை, படுக்கை, சாதனம், மருந்து, பஸ், சாப்பாடு எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஆனது நாற்பத்தோராயிரத்து ஐந்நூற்று முப்பது ரூபாய். அதில் சித்தியை நான் வர விடாத இரண்டு நாள் படுக்கையும் அந்த இரண்டாவது ஸ்கேனும் மட்டும் ஐயாயிரத்து ஐந்நூறு.